சாமித்தம்பி அண்ணை தோற்காத பாடம்

சென்ற மாதம் ஒரு ஞாயிறு காலை, வாசற்படியில் விழுந்த பனியைத் தள்ளிக்கொண்டு நின்றபோது சுகந்தியின் அழைப்பு வந்தது. "அன்ரி, அப்பா போயிட்டார்" என்றாள். எப்படி என்று கேட்டேன். "நித்திரையிலதான். விடிய எழுப்பப் போனன், எழும்பேல்லை." குரல் உடையவில்லை. கடையில் பால் முடிந்துவிட்டது என்று சொல்வதைப் போலச் சொன்னாள். அந்தக் குரல்தான் என்னைப் பயப்படுத்தியது. பனி அள்ளும் சவலை அப்படியே குத்திவிட்டு உள்ளே போய் அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன்.

எண்பதுகளில் இங்கே கியூபெக்கில், செயின்ட்-மிஷேலில் இருந்த உங்களில் பலருக்குச் சாமித்தம்பி அண்ணையைத் தெரியும். மட்டக்களப்பார், கட்டை உருவம், நேராக நிமிர்ந்த நடை. அவரை 'டொக்டர் அண்ணை' என்று கூப்பிட்டீர்கள். பிறகு அவர் தாதிப் படிப்புச் சோதனையில் தோற்றுவிட்டார் என்று ஒரு கதை பரவியதும் 'பெயில் டொக்டர்' என்று கூப்பிட்டீர்கள். அவரும் சிரித்துக்கொண்டு ஓம் என்பார். செத்தவீட்டிலும் அந்தப் பகிடியை இரண்டு பேர் சொன்னார்கள். அன்பாகத்தான் சொன்னார்கள், எனக்குத் தெரியும். ஆனால் எனக்குப் பொறுக்கவில்லை. அவர் தோற்கவில்லை. நடந்தது என்ன என்று அன்றே தெரிந்தவர்களில், எனக்குத் தெரிந்தவரை, உயிரோடு இருப்பவள் நான் ஒருத்திதான். அவர் மகள் சுகந்தியிடம் கேட்டுவிட்டே எழுதுகிறேன்.

அப்போது என் அண்ணன் குடும்பமும் நானும் செயின்ட்-மிஷேலில் ஒரு வீட்டின் மேல்மாடியில் இருந்தோம். கீழே நிலவறையில் ஊரிலிருந்து தப்பி வந்த பொடியங்கள் கூட்டமாக இருந்தார்கள். எல்லாரும் உணவகங்களில் கோப்பை கழுவுகிறவர்கள். அவர்களுக்கு நடுவே நாற்பது தாண்டிய ஒரே ஆள் சாமித்தம்பி அண்ணை. மனைவி பூமணி அக்காவையும் மகளையும் மட்டக்களப்பில் விட்டுவிட்டு வந்தவர். பொடியங்களில் யாராவது கொதி எண்ணெயில் கையைச் சுட்டுக்கொண்டு வந்தால் ஆஸ்பத்திரிக்குப் போகமாட்டார்கள். அவரிடம்தான் போவார்கள். "மனே, கையக் காட்டு. கண்ண மூடு" என்பார். கட்டு முடிந்ததே தெரியாது.

ஒருநாள் நான் சோறு கொடுக்கக் கீழே இறங்கியபோது அப்படி ஒரு கைக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். வாய் ஏதோ முணுமுணுத்தது. எங்கள் குடும்பம் யாழ்ப்பாணம் என்றாலும் நான் கொழும்பில் பிறந்து வளர்ந்தவள். அது சிங்களம் என்று உடனே பிடிபட்டது. கழுவு, துடை, மூடு, சுற்று, முடிச்சைப் பார் என்று கை செய்வதை எல்லாம் வாய் கட்டளையாகச் சொல்லிக்கொண்டே போனது. நான் கவனித்ததை அவரும் கவனித்தார். தன் அண்ணனை இலங்கை ஆமியிடம் பறிகொடுத்த ஒருவன் பக்கத்துப் பாயில் படுத்திருந்தான். அண்ணை வாயை மூடிக்கொண்டார். நானும் சோற்றுச் சட்டியை வைத்துவிட்டு மேலே வந்துவிட்டேன்.

நான் அந்த வருடம்தான் கல்லூரியில் தாதிப் படிப்புக்குச் சேர்ந்திருந்தேன். எங்கள் வகுப்புக்கு இடையில் ஒரு கியூபெக் பொடியன் வந்து சேர்ந்தான். இந்த நாட்டுப் படையில் காயக்காரரைப் பார்க்கும் வேலை செய்தவன். அங்கே பழகினதைக் கல்லூரி பாடமாக ஏற்றுக்கொண்டு அதற்குக் கிரெடிட் கொடுத்து, முதல் தவணையைக் கழித்துவிட்டதாம். எனக்கு அது எரிச்சல். நாங்கள் விடிய எழும்பிப் படித்ததை இவன் படிக்காமலே தாண்டிவிட்டானே என்று சாப்பிடும்போது அண்ணியிடம் பொரிந்து தள்ளினேன். சாமித்தம்பி அண்ணை சட்டி திருப்பிக் கொடுக்க வந்து கதவடியில் நின்றது எனக்குத் தெரியாது.

மறுநாள் பேருந்துத் தரிப்பில் எனக்குப் பக்கத்தில் வந்து நின்றார். 

"புள்ள, ஒண்டு கேக்கணும். பிற நாட்டு ஆமியில படிச்சதுக்கும் அந்தக் கிரெடிட் குடுப்பாங்களா?"

"எந்த நாட்டு ஆமி, அண்ணை?"

"நம்மட நாட்டு ஆமிதான்."

அறுபதுகளில் இளந்தாரியாக இருந்தபோது இலங்கைப் படையின் மருத்துவப் பிரிவில் சேர்ந்தவராம். எழுபதுகளின் தொடக்கத்தில் விட்டுவிட்டு ஊருக்கு வந்து ஒரு டிஸ்பென்சரியில் வேலை பார்த்தாராம். குடிவரவு அதிகாரிகளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். சொல்ல முடியாமல் இருந்தது எங்கள் ஆட்களிடம்தான். நிலவறையில் படுத்திருந்த ஒவ்வொருவனும் அந்தப் படைக்குப் பயந்து ஓடி வந்தவன். "கேள்விப்பட்டா என்னை அடிக்க மாட்டானுகள். ஆனா கையக் காட்ட மாட்டானுகள்" என்றார். அதுதான் அவருக்குப் பெரிய கவலை.

அவர் கேட்டதன் காரணம் எனக்கு நன்றாக விளங்கியது. கோப்பை கழுவும் வேலையை வைத்துக்கொண்டு பூமணி அக்காவையும் சுகந்தியையும் இங்கே எடுப்பிக்க முடியாது. நிரந்தர வேலை வேண்டும். முழுப் படிப்பும் படித்து முடிக்க மூன்று வருடம். படையில் கற்றதைக் கல்லூரி ஏற்றுக்கொண்டால் முதல் வருடம் முழுவதும் கழிந்துவிடும். சண்டை மூண்டிருந்த மட்டக்களப்பில் ஒரு வருடம் என்பது என்ன என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

கல்லூரியில் தாதிப் பிரிவுக்குப் பொறுப்பான ஆசிரியை உயரமான, சிரிக்காத மனுசி. படையிலிருந்து சான்று வேண்டும் என்றார். தப்பி வந்த நாட்டின் படைக்கு எழுதி எப்படிச் சான்று கேட்பது என்று நான் கேட்டேன், கொஞ்சம் சூடாகவே. மனுசி யோசித்துவிட்டு, "அப்படியானால் செய்து காட்டட்டும். என் கண்ணால் பார்த்துவிட்டுத் தீர்மானிக்கிறேன்" என்றார். அண்ணையின் ஆங்கிலம் கட்டளைகளுக்குப் போதும், விளக்கங்களுக்குப் போதாது. மொழிபெயர்க்க என்னை வரும்படி அண்ணை கேட்டார். "உனக்குத்தான் தமிழ், சிங்களம் ரெண்டு பாசையும் தெரியும். நான் பதறினா எந்தப் பாசை வரும் எண்டு எனக்கே தெரியாது" என்றார்.

அந்தப் பிற்பகல் அவர் செய்த வேலையைப் பார்க்க எனக்குப் பெருமையாக இருந்தது. படுக்கை விரித்தார், ஊசி போட்டார், இரத்த அழுத்தம் பார்த்தார், முறிந்த காலுக்குச் சட்டம் கட்டினார். எல்லாவற்றுக்கும் வாய் சிங்களத்தில் கட்டளை சொன்னது. படையில் அப்படித்தான் பழக்குவார்களாம். நான் பக்கத்தில் நின்று கழுவு, துடை, மூடு என்று ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டே போனேன். மனுசி ஒவ்வொன்றுக்கும் தலையசைத்தார். கடைசி ஒன்றுதான் மிச்சம். நான் மனதுக்குள் பூமணி அக்காவை விமான நிலையத்தில் போய்க் கூட்டிக்கொண்டும் வந்துவிட்டேன்.

கடைசிச் சோதனைக்கு என் வகுப்புப் பிள்ளைகள் மூவரைக் காயக்காரராக நடிக்கப் படுக்க வைத்திருந்தார்கள். ஒருத்தி கையைப் பிடித்துக்கொண்டு வீரிட்டாள். ஒருவன் கால் காயத்தோடு முனகினான். மூன்றாமவள் சத்தமில்லாமல் கிடந்தாள். அண்ணை வந்தார், மூவரையும் ஒருமுறை பார்த்தார், நேரே கைக்காரியிடம் போனார். அழகாகக் கட்டினார். பிறகு கால்காரன். கடைசியாகத்தான் மூன்றாமவளிடம் போய்க் குனிந்தார்.

"அவள் செத்துவிட்டாள்" என்றார் ஆசிரியை.

அண்ணை குனிந்தபடியே நின்றார். ஏன் இவளிடம் முதலில் வரவில்லை என்று மனுசி கேட்டார். அவர் தயங்காமல் சொன்னார். களத்தில் திரும்பத் துவக்கைத் தூக்கக்கூடியவனைத்தான் முதலில் பார்க்க வேண்டும், அப்படித்தான் பழக்கினார்கள். நான் மொழிபெயர்த்தேன். மனுசி கோபப்படவில்லை. இது உங்கள் பிழை இல்லை, படை அப்படித்தான் பழக்கும், இங்கே வேறு விதம், ஒரு கிழமையில் பழகிவிடுவீர்கள், இதற்கும் சேர்த்தே கிரெடிட் தருகிறேன் என்றார். சிரிக்காத மனுசி அன்றைக்குச் சிரித்தார்.

நான் சந்தோசத்தில் அண்ணையின் கையைப் பிடித்தேன். அவர் அதை விடுவித்துக்கொண்டார்.

"இதுக்கு மட்டும் வேண்டாம் எண்டு சொல்லு, புள்ள."

"என்ன வேண்டாம்?"

"இந்தப் பாடத்துக்குக் கிரெடிட் வேண்டாம். நான் இதை முதல்ல இருந்து படிக்கணும்."

 அவசர சிகிச்சைப் பாடம் வருடத்தில் ஒருமுறைதான், இலையுதிர் காலத்தில்தான் நடக்கும். அதை முடிக்காமல் மேலே போக முடியாது. முழு வருடம் போய்விடும். "அண்ணை, உங்களுக்கென்ன விசரே? அக்காவும் பிள்ளையும் அங்க இருக்கினம். அந்த மனுசி தாறன் எண்டுறா, வாங்கிக்கொண்டு பேசாமல் வாங்கோ" என்று தமிழில் சத்தம் போட்டேன். ஆசிரியை ஒன்றும் விளங்காமல் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

அப்போதுதான் அவர் சொன்னார். எழுபதுகளின் தொடக்கத்தில் தெற்கே சிங்களப் பொடியங்கள் கிளர்ந்தெழுந்தபோது இவரை அங்கே அனுப்பினார்களாம். ஒரு பள்ளிக்கூடத்தில் காயக்காரரைக் கிடத்தியிருந்தார்கள். சிராய்ப்புக் காயத்தோடு படையாட்கள் இந்தப் பக்கம், பிடிபட்ட பொடியங்கள் அந்தப் பக்கம். முதலில் படையாட்கள் என்று உத்தரவு. விறாந்தையின் கடைசியில் ஒருவன் சுவரில் சாய்ந்தபடி இவரையே பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறான். கத்தவில்லை, கூப்பிடவில்லை. இவர் வரிசையாகக் கட்டுப் போட்டுக்கொண்டு போய் அவனிடம் சேர்ந்தபோது கண் மட்டும் திறந்தபடி இருந்ததாம், மூச்சு இல்லை.

"இருபது வயசும் இராது, புள்ள. அடுத்த வருசம் படைய விட்டுட்டு வந்திட்டன். உத்தரவு, நான் என்ன செய்யிற எண்டு இவ்வளவு காலமும் என்னை நானே ஆத்திக்கிட்டன். இண்டைக்கு எனக்கு ஆரும் உத்தரவு போடல்லியே. நானாத்தானே அந்தக் கைக்காரிக்கிட்டப் போனன்."

நான் ஆசிரியை பக்கம் திரும்பாமலே நின்றேன்.

"நீ மொழிபெயர்க்க வந்தநீ. சொல்லு" என்றார்.

சொன்னேன். மனுசி தன் தாளில் ஒரு வரியை வெட்டினார். பிறகு, சரி, மற்ற எல்லாவற்றுக்கும் தருகிறேன், இதை அவர் படிக்கட்டும் என்றார். வெளியே வந்ததும் அண்ணை, "இது உன்னோட இருக்கட்டும்" என்றார். வீட்டில் கேட்டவர்களுக்கு ஒரு பாடத்தில் பெயில் என்று அவரே சொன்னார். உண்மையைச் சொன்னால் ஆமியைச் சொல்ல வேண்டும். அந்த 'பெயில் டொக்டர்' பிறந்தது அப்படித்தான். நான் அவரோடு ஒரு மாதம் கதைக்கவில்லை.

இலையுதிர் காலம் வந்ததும் தன் வயதில் பாதிப் பிள்ளைகளோடு முன் வாங்கில் உட்கார்ந்து படித்தார். பகலில் வகுப்பு, மாலையில் கோப்பை. பூமணி அக்காவின் கடிதங்கள் வரும்போதெல்லாம் எனக்கும் வாசித்துக் காட்டுவார். நாங்கள் சுகம், சுகந்தி நன்றாகப் படிக்கிறாள், உங்கள் உடம்பைப் பாருங்கள். எல்லாக் கடிதமும் அப்படித்தான். படிப்பின் கடைசி வருடம், பனிக்காலம் முடியும் தறுவாயில் வேறொருவர் மூலம் செய்தி வந்தது. அக்காவுக்குக் காய்ச்சல் கண்டிருக்கிறது. வழக்கம்போல ஒருவரிடமும் சொல்லவில்லை. முற்றிய பிறகு அயலார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகப் பார்த்தபோது சண்டையால் வீதி அடைத்திருந்தது.

நான் கீழே ஓடினேன். பொடியங்கள் எல்லாரும் அவரைச் சுற்றி அழுதுகொண்டு நின்றார்கள். அண்ணனை இழந்த அந்தப் பையன் அவர் காலடியில் உட்கார்ந்து விம்மினான். அண்ணை அழவில்லை. என்னைக் கண்டதும், "சத்தம் போடாத ஆளத்தான் முதல்ல பாக்கணும் எண்டு வகுப்பில படிச்சன், புள்ள. வீட்டில பாக்காம விட்டுட்டன்" என்றார்.  எனக்கு அவர் மேல் இரக்கமும் இருந்தது, ஆத்திரமும் இருந்தது. இரண்டும் இன்றுவரைக்கும் இருக்கின்றன. செத்தவரைப் பற்றி எழுதும்போது ஆத்திரத்தை மறைக்க வேண்டும் என்பார்கள். எனக்கு அந்தப் பழக்கம் இல்லை.

படிப்பு முடிந்து, நகரின் வடக்கே முதியவர்களுக்கான ஆஸ்பத்திரி ஒன்றில் நான் சேர்ந்தேன், அடுத்த வருடம் அவரும் வந்து சேர்ந்தார். ஓய்வு பெறும்வரை ஒன்றாக வேலை செய்தோம். மணியடிக்கிற அறைகளைத் தாண்டி, மணியடிக்காத அறைக்குத்தான் முதலில் போவார். படையதிகாரியைப் போல "பொன்ஜூர்!" என்று பிரெஞ்சு வணக்கத்தையே அதட்டலாகப் போடுவார். மேலதிகாரிகள் முறைப்பாடு செய்தால், "கத்துற ஆளுக்கு உசிர் இரிக்கு, மேடம்" என்பார். என்னைச் சீண்டவும் அதுவே உதவியது. "யாழ்ப்பாணத்தார் நோகிறதுக்கு முதலே கத்துவாங்க, அவங்களக் கடைசியாப் பாத்தாப் போதும்" என்பார். "மட்டக்களப்பார் செத்தாப் பிறகுதான் சொல்லுவினம்" என்று நானும் விடமாட்டேன். சொன்ன பிறகுதான் பூமணி அக்கா நினைவுக்கு வந்து நாக்கைக் கடித்துக்கொள்வேன். அவர் அதைக் கேட்காதவர் மாதிரிப் போய்விடுவார்.

ஒருமுறை ஒரு பிரெஞ்சுக் கிழவி நாலைந்து நாளாக வாய் திறக்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். வைத்தியர் ஒன்றுமில்லை என்றுவிட்டார். அண்ணை ஒவ்வொரு நாளும் தன் சாப்பாட்டு நேரத்தை அந்தக் கட்டிலடியில் கழித்தார். ஒரு மத்தியானம் அந்த அறையிலிருந்து வீரிட்ட அழுகை. நான் பதறி ஓடினால், கிழவி தன் இறந்துபோன மகனின் பெயரைச் சொல்லிச் சொல்லி அழுகிறார், அண்ணை அவர் கையைப் பிடித்தபடி சிரிக்கிறார். "சத்தம் வந்திட்டுது. இனிப் பயமில்ல" என்றார்.

ஆனால் தன் வீட்டில் அந்தச் சத்தத்தை அவரால் வரவழைக்க முடியவில்லை. தாய் போன மறுவருடம் சுகந்தி உறவினர் ஒருவரோடு வந்து சேர்ந்தாள். சின்னப் பிள்ளை. அதற்குள் நாங்கள் குடிபெயர்ந்திருந்த அஹுன்ட்சிக்-கார்ட்டியர்வில்லில், எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு அறை எடுத்து அவளை வளர்த்தார். அவள் கெட்டிக்காரி, தகப்பனுக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. கேட்டதற்குப் பதில் சொல்வாள். தானாக ஒன்றும் சொல்லமாட்டாள். தாயைப் பற்றிப் பேச்செடுத்தால் பிரெஞ்சுக்கு மாறிவிடுவாள். அவளும் அந்த 'பெயில்' கதையைக் கேட்டுத்தான் வளர்ந்தாள். அவளுக்கு உண்மையைச் சொல்லுங்கோ என்று எத்தனையோ தரம் அவரோடு சண்டை பிடித்தேன். "எதைச் சொல்லுற? நான் ஆமியில இருந்ததையா, அவட அம்மாவ நான் ஒரு வருசம் பிந்த வெச்சதையா?" என்பார். 

இறுதி நிகழ்வு செயின்ட்-மிஷேலில், சவப்பெட்டி வைத்து அஞ்சலி செய்யும் மலர்ச்சாலை ஒன்றில் நடந்தது. நிலவறைப் பொடியங்கள் எல்லாரும் தலை நரைத்துப் பேரப்பிள்ளைகளோடு வந்திருந்தார்கள். பலர் வாய்விட்டு அழுதார்கள். அண்ணனை இழந்த அந்தப் பையன், இப்போது தாத்தா, தன் கையிலிருந்த பழைய சுட்ட தழும்பைப் பெட்டியடியில் நின்று எல்லாருக்கும் காட்டினான். எல்லாரும் பெட்டியைத்தான் பார்த்தார்கள். என் கண் தானாகவே மண்டபத்தைச் சுற்றியது. கோட்டுகள் மாட்டும் மூலையில், தகப்பனின் குளிர்ச்சட்டையை மடியில் வைத்துக்கொண்டு சுகந்தி தனியே இருந்தாள். கண் வறண்டிருந்தது. நான் பெட்டிக்குப் போகாமல் அவளிடம் போனேன்.

நான் பக்கத்தில் இருந்ததும் தானாகவே கேட்டாள். "அன்ரி, அப்பா அந்தச் சோதினையில பாஸ் பண்ணியிருந்தா, அம்மா வந்திருப்பா என்ன?"

அவருக்குக் கொடுத்த வாக்கை அந்த இடத்தில் விட்டேன். பள்ளிக்கூட விறாந்தை, சுவரில் சாய்ந்திருந்தவன், சத்தமில்லாமல் படுத்திருந்த என் வகுப்புக்காரி, வேண்டாமென்று சொல்லச் சொன்னது, நான் சத்தம் போட்டது, எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா வந்திருப்பாவா என்று கேட்டாயே, பிள்ளை, வந்திருக்கவும் கூடும், எனக்குத் தெரியாது என்றும் சொன்னேன். பொய் சொல்ல மனம் வரவில்லை. அவள் குளிர்ச்சட்டையின் பொத்தானைத் திருகிக்கொண்டே கேட்டாள்.

"அந்தச் சுவரடிப் பொடியனுக்கு என்ன பேர்?"

"அப்பாவுக்கும் தெரியாதம்மா. தெரியாமல்தான் அவ்வளவு காலமும் இருந்தவர்."

அவள் முகம் கோணியது. அந்தச் சட்டைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு "அப்பா" என்று ஒரு சத்தம் வைத்தாள். மண்டபமே திரும்பிப் பார்த்தது. சில பெண்கள் அவளை அமர்த்த ஓடி வந்தார்கள். நான் கையைக் காட்டி நிற்பாட்டினேன்.

சாமித்தம்பி அண்ணையிடமிருந்து எனக்கென்று மிஞ்சியது, ஒரு இடத்துக்குள் நுழைந்ததும் சத்தம் போடாதவரைத் தேடுகிற இந்தக் கண்தான். அவருக்கு அது வர ஒரு வருடம் பிடித்தது. அந்த ஒரு வருடம் எவ்வளவு பெரியது என்று இப்போது உங்களுக்கும் தெரியும். அன்று நான் சுகந்தியின் முதுகைத் தடவிக்கொண்டு அவள் அழுது முடியும்வரை பக்கத்தில் இருந்தேன். சத்தம் வந்திட்டுது, அண்ணை. இனிப் பயமில்லை.